நம் எழுத்துக்கு நாமே பொறுப்பு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



புதிதாக எழுதப் புகும் இளைஞர்க்குச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். சில திங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். தம் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லாத கொடுமையைப் பற்றி இணையத்தில் கட்டுரை எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. ஆனால் அதில் அவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. காரணம் கேட்டேன். "பெயரைப் போட்டால் சாதியைத் தேடுவார்கள், ஐயா. படித்தவர்களும் பதினொரு பேர்தான். விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஓர் இதழ் தொடங்கினார். எந்தப் பெயரால் உலகம் நம்மை இழித்ததோ, அந்தப் பெயரையே, "பறையன்" என்று, இதழின் நெற்றியில் பொறித்தார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்னும் வார இதழை வெளியிட்டார். விலையே பெயராயிற்று, கூலி வேலை செய்வோரும் வாங்கலாம். 1920இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் "மூக்நாயக்" இதழைத் தொடங்கியபோது, காசு பெற்றுக்கொண்டு விளம்பரம் வெளியிடவும் பெயர் பெற்ற ஏடு ஒன்று மறுத்தது. இதழ் நின்றுவிடவில்லை, வெளிவந்தது.

இவர்களிடம் நாம் கற்க வேண்டியவை நான்கு.

முதலாவது, நிலையான பெயர். காத்தவராயன் என்னும் இயற்பெயருடையவரே தம் ஆசிரியர் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். ஆபத்துள்ள இடத்தில் புனைபெயர் தவறன்று. நாளுக்கொரு பெயர் பூணுவதே தவறு.

இரண்டாவது, தவறாத நாள். வாரம் ஒன்றாயினும் குறித்த நாளில் எழுதுங்கள். பதினொருவர் காத்திருக்கப் பழகினால் நூற்றுவர் வருவர்.

மூன்றாவது, சொந்தப் பொருள். நம் தெருவின் வரலாற்றை நாம் எழுதாவிடில், எழுதுவோர் வேறு யார்? ஆனால் நேரில் கண்டதையும், ஆவணத்தில் உள்ளதையும் மட்டுமே எழுதுங்கள். நம் ஒரு பிழை, நாம் கூறும் நூறு உண்மைகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

நான்காவது, பாதுகாப்பு. பிறர் நடத்தும் தளத்தில் எழுதுவது வாடகை வீட்டில் குடியிருப்பதற்கு ஒப்பாகும்; உரிமையாளர் நினைத்தால் கதவு அடைபடும். பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் பெருந்தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். எங்கோ சிலர் பழைய இதழ்களைக் காத்து வைத்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று! ஆகவே எழுதும் ஒவ்வொன்றையும் தாளில் அச்சிட்டு, ஒரு படியை நம் சங்க நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.

அந்த மாணவர் இப்போது தம் பெயரும் ஊரும் இட்டு ஞாயிறுதோறும் எழுதுகிறார். பாதை இன்னும் வரவில்லை. ஆனால் பாதை இல்லை என்பதை இனி எவரும் மறுக்கவியலாது.