விரல் ரேகையும் வம்ச வழியும்

 

ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும் விரல் பதிக்கும் காலம் இது. "தந்தையின் ரேகை பிள்ளைக்கு வருமா?" என்று நம்மவர் வினவுகின்றனர். வாராவிடில் பிள்ளையின் பிறப்பையே ஐயுறத் துணிவோரும் உளர். ஆகவே இதனைத் தெளிவாக அறிதல் நமக்குக் கடமையாகும்.

விரல் நுனிக் கோடுகள் வில், வளையம், சுழி என மூவகை வடிவாய் அமைகின்றன. வடிவிலும் கோடுகளின் எண்ணிக்கையிலும் மரபுக்குப் பங்குண்டு. லண்டன் கால்டன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாரா ஹோல்ட், பத்து விரல்களின் கோடுகளையும் எண்ணி, உறவு நெருங்க நெருங்க எண்ணிக்கையும் நெருங்குவதைக் காட்டினார். அவரது நூல் 1968இல் வெளிவந்தது. கை கால் வளர்ச்சியை நடத்தும் மரபணுக்களே ரேகை வடிவிலும் பங்கு கொள்வதாக 2022இல் வெளியான ஆய்வு கண்டது. அவை ஒன்றல்ல, பல. அவற்றுள் பாதியே தந்தைவழி வருவது; மீதி தாய்வழி. ஆதலால் தந்தைக்குச் சுழியும் மகனுக்கு வளையமும் இருத்தல் இயல்பே.

ஆனால் ஒரு கோடு எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்னும் நுட்பத்தை மரபு மட்டும் தீர்மானிப்பதில்லை. கருவின் ஏறத்தாழ 10ஆம் வாரம் முதல் 17ஆம் வாரத்திற்குள் ரேகை உருவாகிறது. அப்போது விரல் நுனியின் மேடு, தோல் வளரும் வேகம், கருவறைச் சூழல் ஆகியவற்றின் சிறு வேறுபாடும் கோட்டைத் திருப்பிவிடும். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாவதில்லை. எனவே ரேகை ஆளைக் காட்டும், தந்தையைக் காட்டாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு கிராமவாசி வந்து, தம் மனைவி கருநிறப் பிள்ளை பெற்றதாக ஐயத்துடன் கூறினார். அண்ணலார் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை வினவினார்கள். சிவந்த மந்தையில் சாம்பல் நிறக் குட்டியும் உண்டென்றும், முன்னோர் வழியே அது வந்திருக்கலாமென்றும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, மகனுக்கும் அதுவே பொருந்தும் என உணர்த்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

நிறம் பற்றிய ஐயத்திற்கே அவ்விடை என்றால், ரேகையை வைத்து ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு குழந்தையின் பெயரையும் குலைக்க நமக்கு ஏது உரிமை? கோடுகளை ஒப்பிடுவதை விடுத்து, நாவைக் காப்போமாக!