குடும்பம் என்னும் சொல்

(அட்டாளைச்சேனையில் நிகழ்த்திய உரை)



இளைஞர் அரசியல் யாப்பைப் பற்றிப் பேச எழுந்தால் அதிகாரப் பங்கீட்டைப் பற்றியே பேசுவர் எனச் சபையோர் எதிர்பார்ப்பது இயல்பு. நாம் இன்று அடுக்களைக்கு அண்மையிலுள்ள ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகின்றோம். அச்சொல் குடும்பம்.

நமது 1978ஆம் ஆண்டு யாப்பின் 27ஆம் உறுப்புரை, குடும்பத்தைச் சமுதாயத்தின் அடிப்படை அலகாக அரசு ஏற்றுப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சிறுவர், இளைஞர் நலனையும் விசேடமாகக் கவனிக்கச் சொல்கிறது. நல்ல சொற்களே. ஆனால் எது குடும்பம் என்று விளக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரை இராப்பகலாகப் பேணும் கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போதாக்குறைக்கு, இக்கோட்பாடுகளைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்கிறது 29ஆம் உறுப்புரை.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். நமது கரையோரமே அதற்கு விடை. இங்கே தாய்வழிக் குடி என்பது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கு. மகளுக்கு வீடு கொடுத்தே மணம் முடிக்கிறோம். மருமகன் அங்கே வந்து சேருகிறான். முதுமையில் பெற்றோர் மகளின் வளவிலோ அயலிலோ வாழ்கின்றனர். அம்மம்மா என்றழைத்தாலும் உம்மம்மா என்றழைத்தாலும் அவள் இருக்கும் நிழல் ஒன்றே.

2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் அவ்வீடுகளை வாரிச் சென்றது. உதவி வீடுகள் வந்தபோது படிவங்கள் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டன. பல இடங்களில் ஆணின் பெயரே எழுதப்பட்டது. நேற்றுவரை தன் சீதன வீட்டில் உரிமையோடிருந்த பெண், புதுவீட்டில் கணவனின் தயவில் இருப்பவளானாள். எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லே இதைச் செய்துவிட்டது.

காணியிலும் அவ்வாறே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெர்மிட் காணிக்குப் பின்னுரிமையாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, மகளுக்கு முன் மகனை வைத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

அயர்லாந்து தேசத்தைப் பாருங்கள். பெண் வீட்டிலிருந்து ஆற்றும் வாழ்வே நாட்டுக்குத் துணை என்று அதன் 1937ஆம் ஆண்டு யாப்பு எழுதிவைத்தது. இதை மாற்றவும் குடும்பத்தின் பொருளை விரிக்கவும் 2024 மார்ச் 8இல் மக்களிடம் வாக்குக் கேட்டனர். குடும்பத் திருத்தத்தை 67.7 வீதத்தினரும், பேணுதல் பற்றிய திருத்தத்தை 73.9 வீதத்தினரும் நிராகரித்தனர். பழைய வாசகத்தின் மீதிருந்த பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. புதிய வாசகம் தெளிவற்றது என்றனர் சிலர். அரசு முயலும் என்றதேயன்றிப் பொறுப்பேற்கவில்லை என்று அங்கவீனருள் பலர் குறை கூறினர். அழகான சொல் மட்டும் போதாது என்பதே நாம் கற்கும் பாடம்.

பெற்றோரைப் பிள்ளைகள் பேண வேண்டுமென நமது 2000ஆம் ஆண்டு முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. ஆனால் பிள்ளை என்பது நடைமுறையில் மகளே. அவளைப் பேணுவார் யார்?

ஆகவே நாம் கோருவன மூன்று. விதவையின் வீடும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டியின் வீடும் குடும்பமே என்று யாப்பு தெளிவாகச் சொல்லவேண்டும். பேணுதல் ஆண் பெண் இருபாலாருக்கும் உரிய கடன் என்றும், அரசு அதற்குப் பொருளுதவி செய்யக் கடமைப்பட்டது என்றும் எழுதவேண்டும். அக்கடமையை நீதிமன்றத்தில் கேட்க வழி வைக்கவேண்டும். 27ஆம் உறுப்புரையைத் திருத்தச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டியதில்லை; பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு பெரும்பான்மை போதும்.

குடும்பம் சட்டத்தாலா வாழ்கிறது என்று பெரியோர் கேட்பர். இல்லை, அன்பினால்தான் வாழ்கிறது. ஆயினும் இல்வாழ்வான் ஆதரவற்றோர்க்கும் துணை என்று வள்ளுவரே விதித்தாரன்றோ? வீட்டுக்கு விதித்ததை நாட்டுக்கு விதித்தலில் பிழையென்ன?

வாலிபர்களே, யாப்புத் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவில் பாட்டி தண்ணீர் கேட்டால், இன்று நம் தங்கை எழுகிறாள். நாளை நாம் எழுவோம். அதன்பின் பாராளுமன்றத்தைப் பார்த்துக் கேட்கும் தகுதி நமக்கு வரும்.