ஏழு தட்டுகளும் ஒரு கோப்பும்

பெரியதொரு கணிப்பொறிக் கோப்பைச் சிறு தட்டுகளில் காப்பது எங்ஙனம்?

1990-களில் பெரிதும் வழங்கிய மூன்றரை அங்குலப் பிளாப்பித் தட்டு, ஏறத்தாழ 14.5 இலட்சம் பைட்டுகளையே கொள்ளும். 1 கோடி பைட்டு அளவுள்ள கோப்பைக் கணிப்பொறி 7 துண்டுகளாக்கி, எண்ணிட்டு, 7 தட்டுகளில் எழுதும். மீட்கும்போது வரிசை மாறாமல் இணைக்கும்.

ஆயின், ஏழில் ஒன்று கெட்டாலும் கோப்பு முழுமை பெறாது. ஒரு தட்டு பழுதாகும் வாய்ப்பு நூற்றில் 1 எனக் கொண்டால், கோப்புக்கு நேரும் இடர் நூற்றில் ஏறத்தாழ 7 ஆகிவிடுகிறது. பகுத்து வைத்தல் வேறு. காத்து வைத்தல் வேறு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி எடுத்துவிட்டாலோ, அவ்விடர் பதினாயிரத்தில் 7 அளவுக்குக் குறைகிறது.

அப்படிகளையும் அதே பெட்டியில் வைத்தல் தகுமா? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூலை மீண்டும் பெறலாம். படியில்லாச் சுவடியைப் பெறுவது எவ்வாறு?

ஆகவே, ஒரு தொகுதி தளவாய்புரத்தில் இருப்பின், மற்றொன்று இராசபாளையத்தில் இருக்கட்டும். அவ்வப்போது இரண்டையும் இயக்கிச் சோதித்துப் பாருங்கள். பிளாப்பி மறைந்து பென் டிரைவ் வந்துவிட்டது. இவ்விதி மட்டும் மாறவில்லை.