பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆறு வருடம்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற மாதம் ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய உறவினர் வீட்டுப் பையன் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தில் பரீட்சை எழுதி, அந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் கழித்துக்கொள்கிறானாம். "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே அதை 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்கிறார்கள். ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே ஏற்றுக்கொள்ளும். வருடமும் மிச்சம், பணமும் மிச்சம்.

இது நமக்குப் புதிய விஷயமா என்றால், இல்லை. ஹிஃப்ழ் ஓதும் பிள்ளை ஒரு மதரஸாவிலிருந்து இன்னொரு மதரஸாவுக்குப் போனால் ஹஜ்ரத் என்ன செய்கிறார்? எத்தனை ஜுஸ்உ மனப்பாடம் என்று கேட்கிறார், ஓதச் சொல்லிப் பார்க்கிறார், விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். அலிஃப், பேயிலிருந்து மறுபடி ஆரம்பி என்று எந்த ஹஜ்ரத்தும் சொல்வதில்லை. கல்லூரிக்காரர்கள் இப்போது 'கிரெடிட்' என்று சொல்வது இதைத்தான்.

நம் தமிழ்நாட்டில் இதற்குச் சரியான உதாரணம் பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மூன்று வருடம் டிப்ளமோ படித்துவிட்டு, பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குத் தனிக் கலந்தாய்வே நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று, அதுவும் ஆறு. பிறகு என்ன லாபம் என்று கேட்பீர்கள். மூன்றாவது வருட முடிவில் வீட்டில் கஷ்டம் வந்து படிப்பு நின்றால், பிளஸ் டூ வழியில் போனவன் கையில் பி.இ. முதலாண்டு மார்க் ஷீட்தான் இருக்கும். டிப்ளமோ படித்தவன் கையில் ஒரு படிப்பே முடிந்து இருக்கும். வேலைக்குப் போகலாம், இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பி வந்தும் பி.இ. சேரலாம்.

நம் ஐயம்பேட்டையில் பட்டுக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது எது என்று உங்களுக்கே தெரியும். தறி நிற்பதற்கு முன்பே பிள்ளையின் படிப்பு நின்றுவிடுகிறது. வருமானம் நிரந்தரமில்லாத வீட்டுக்கு, நடுவில் இறங்க வழியுள்ள படிப்புதான் பத்திரம்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களும், இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் படியிலிருந்தும் பி.இ. வரை ஏணி இருக்கிறது என்பதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறோம்?

அடுத்தது சென்னை ஐ.ஐ.டி. அங்கே டேட்டா சயின்ஸில் இணையவழி பி.எஸ். படிப்பு நடக்கிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய மாணவர் எந்தப் பிரிவாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேறினால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரலாம். அடித்தளப் படிப்போடு நிறுத்தினால் சான்றிதழ், அதற்கு மேல் டிப்ளமோ, பி.எஸ்ஸி., கடைசியில் பி.எஸ். என்று ஒவ்வொரு படியிலும் கையில் ஒன்றைக் கொடுத்தே அனுப்புகிறார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு கல்லூரிக்கு நேரில் போய்க்கொண்டே இன்னொரு பட்டத்தை இணையவழியில் படிக்க யு.ஜி.சி. 2022-இல் அனுமதி கொடுத்துவிட்டது. அதனால் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளையும் இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

இப்போது நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். 'ஸ்வயம்', 'என்.பி.டி.இ.எல்.' என்ற இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன. படிப்பது இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்பது கணக்கு. பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் ஆர்வமாக வந்தான். இரண்டு பாடத்துக்கு நம் நிதியிலிருந்தே பரீட்சைக் கட்டணம் கட்டினோம். நன்றாகத் தேறினான். கல்லூரியில் சேர்ந்து சான்றிதழை நீட்டியபோது, "எங்களிடம் சேர்வதற்கு முன்பு எழுதியதைக் கணக்கில் எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை சதவீதம் வரை ஏற்கலாம் என்பது யு.ஜி.சி. விதி. எந்தப் பாடத்தை, எப்போது எழுதினால் ஏற்பது என்பதை முடிவு செய்வது அந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். நாங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பையன் எங்களிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு, சேரப்போகும் கல்லூரியில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இன்னொரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இல்லாமல் 'நேரடியாகப் பட்டம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் போய்விடாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படிக்காதவரின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. மதரஸாவில் ஓதி முடித்த ஆலிம்களுக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013 முதல் ஒரு வருட இணைப்புப் படிப்பு நடத்துகிறது. அதை முடித்து அங்கேயே பட்டப்படிப்பில் சேரலாம். நல்ல வழிதான். ஆனாலும் இங்கே அரசு வேலை எண்ணமுள்ள பிள்ளை, ஓதும்போதே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுதிவிடுவது நல்லது. நம் மதரஸா உஸ்தாதுமார்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். கல்லூரியில் ஒரு வருடம் படித்ததும் நிக்காஹ் முடிந்து, படிப்பு நின்றுபோன பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். 2021-இல் யு.ஜி.சி. 'கிரெடிட் வங்கி' ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளை தேறிய பாடங்களின் கிரெடிட்டைக் கல்லூரி அதில் ஏற்றிவிட்டால் ஏழு வருடம் வரை அது செல்லும். டிஜிலாக்கரில் கணக்கு எண் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி ஏற்றியிருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது நகையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம், இதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது உண்டு.

இத்தனை வருடமாக நாம் பிளஸ் டூவில் அதிக மார்க் வாங்கியவர்களுக்குத்தான் மேடை போட்டுக் கேடயம் கொடுத்தோம். டிப்ளமோவிலிருந்து பி.இ. போன பிள்ளையை ஒருமுறைகூட மேடைக்கு அழைத்ததில்லை. நிர்வாகக் குழு இந்த முறை அதை மாற்றியிருக்கிறது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. ஜகாத் நிதியிலிருந்து தருவதால் வருமானச் சான்று கட்டாயம். வசதி உள்ளவர்கள் தயவுசெய்து விண்ணப்பம் வாங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். மார்க் ஷீட், ஆதார், வருமானச் சான்று, பி.சி. முஸ்லிம் என்று போட்ட சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலோடு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007-லிருந்து இருக்கிறது. சான்றிதழை எடுத்து வைக்காமல் கலந்தாய்வு அன்று தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லாதவர்கள் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த ரசீதையாவது கொண்டு வாருங்கள்.