எந்த சாஃப்ட்வேர் நல்லது?



டெலஸ்கோப்பில் கேமரா மாட்டி வானத்தைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. பார்க்கிறவர்கள் எல்லாம், "கேமராவை இயக்க எந்த சாஃப்ட்வேர்ப்பா நல்லது?" என்கிறார்கள்.

விண்டோஸ் லேப்டாப் இருந்தால் 'நினா' போதும், இலவசம். 'ஆஸ்காம்' டிரைவர்கள் இருப்பதால் ஒரு கம்பெனி கேமராவும் இன்னொரு கம்பெனி மவுண்ட்டும் அதில் ஒத்துப்போகும். லினக்ஸ்காரர்களுக்கு 'கே-ஸ்டார்ஸ்' உடன் வரும் 'ஈகோஸ்'. ராஸ்ப்பெரி பையிலும் ஓடும். செல்போனிலேயே வேலை முடியணும் என்றால் 'ஏ.எஸ்.ஐ. ஏர்' பெட்டி இருக்கிறது. ஆனால் எல்லா கம்பெனி கேமராவையும் அது ஏற்காது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஏமாந்தேன். ஒரு தை அமாவாசை இரவு ஜவ்வாது மலைக்குப் போனோம். முதல் நாள்தான் ஆசையாகப் புது வெர்ஷன் போட்டிருந்தேன். மலையில் லேப்டாப்புக்குக் கேமராவே தெரியவில்லை. பழைய டிரைவர் பொருந்தவில்லை. புதுசை இறக்க நெட் இல்லை. ஓரியன் நெபுலா மேற்கே சாய்கிறவரை கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். கூட வந்த மகள், "அப்பா, படம் எப்போ வரும்?" என்று கேட்டுக் கேட்டுத் தூங்கிவிட்டாள்.

ஆகவே, உங்கள் கேமராவை ஏற்கிற சாஃப்ட்வேர் எதுவானாலும் நல்லதுதான். மொட்டை மாடியில் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஓடினால், ஊருக்குப் புறப்படும்முன் அதைத் தொடாதீர்கள்.

"கனெக்‌ஷனைச் சரிபார்த்துட்டு ஸ்விட்சைப் போடு" என்று நம்ம லேபில் தினம் திட்டு வாங்கினோமே, அது எனக்கு மலையில்தான் புரிந்தது!