கேட்பது யார், எங்கே நின்று கேட்கிறார்?

(எம்.பி.ஏ. பயிலும் மாணவ மாணவியருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





உங்கள் விண்ணப்பங்களோடு வந்த மதிப்பெண் பட்டியல்களைப் பார்த்தோம். நிதி மேலாண்மையிலும் கணக்கியலிலும் நன்றாக வாங்கியவர்கள்கூட 'ஆய்வு முறையியல்' தாளில் தடுமாறியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அது தியரி பேப்பர்தானே சார், மனப்பாடம் பண்ணினால் போதும்" என்றார் ஒரு தம்பி. போதுமா என்பதற்கு நமது அறக்கட்டளை பட்ட பாட்டையே சொல்கிறோம். இதுவரை பொதுக்கூட்டத்தில் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நமது வட்டியில்லாக் கடன் நிதி மக்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அறியக் கணக்கெடுப்பு நடத்தினோம். கேள்வித்தாளை நாங்களே எழுதினோம். நாங்களே தெருத்தெருவாகப் போனோம். நிர்வாகிகள் மூன்று பேர், கையில் ஃபைல், தலையில் தொப்பி. 'நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்களா?' என்பது ஒரு கேள்வி. கதவுக்குப் பின்னால் நின்ற சகோதரிகள் ஏறக்குறைய எல்லோரும் "இல்லை" என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று குறித்துக்கொண்டு வந்தோம். தேவை குறைவு என்று முடிவு செய்து, நிதியில் ஒரு பகுதியை வேறு பணிக்குத் திருப்பிவிட்டோம்.

மறு ஆண்டு, நம்மிடம் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவி தன் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்காக அதே தெருக்களுக்குப் போனார். வட்டி என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. 'அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் முதலில் யாரிடம் போவீர்கள்? வாரம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? இன்னும் எத்தனை வாரம் பாக்கி?' என்று கேட்டார். ஆண்கள் வெளியே போன நேரத்தில், அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார். வாரத் தவணைக் கடன் அட்டைகள் அலமாரியிலிருந்து வெளியே வந்தன. சில வீடுகளில் இரண்டு, மூன்று அட்டைகள். பெயர்களை நீக்கிவிட்டு அவர் அந்த அட்டவணையை எங்கள் மேசையில் வைத்தபோது எங்களால் தலை நிமிர முடியவில்லை. நாங்கள் நிம்மதியாக இருந்த அந்த மாதங்களில் நகையை இழந்த குடும்பங்கள் உண்டு.

அந்தச் சகோதரிகள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஜமாஅத் ஆட்கள் வாசலில் நின்று இப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பிறர் மெச்சும் பதிலையே சொல்லும் இந்தச் சாய்வு உங்கள் பாடநூலில் இருக்கிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். எங்களுக்கு ஓராண்டு போனது.

வெட்கம் என்னவென்றால், இது எங்களுக்குப் புதிதே அல்ல. மதரஸாவில் ஹதீஸ் ஓதும்போது, செய்தி என்ன என்பதோடு யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்பதையும் உஸ்தாத் விடாமல் கேட்பார். அங்கே கற்றதைத் தெருவுக்கு எடுத்துவர மறந்துவிட்டோம்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1985-இல் கோகோ கோலா நிறுவனம் புதிய சுவையை ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் கொடுத்துச் சோதித்தது. பெரும்பாலோர் புதியதே நன்று என்றார்கள். ஏப்ரலில் பழையதை நிறுத்திப் புதியதைக் கொண்டுவந்தார்கள். மக்கள் கொதித்தெழ, ஜூலையிலேயே பழையது 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தது. எது சுவை என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் சரிதான். ஆனால் பழையதை எடுத்துவிடப் போகிறோம் என்பதை அந்தக் கேள்வி சொல்லவில்லை.

உங்களில் பலர் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் காலணித் தொழிற்சாலைகளில் 'தொழிலாளர் மனநிறைவு' பற்றி ப்ராஜெக்ட் செய்யப் போகிறீர்கள். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வெளியிட்ட ஐந்து படி அளவுகோலைத்தான் பயன்படுத்துவீர்கள். நல்ல கருவி. ஆனால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, தையல் மேசையிலேயே படிவத்தைக் கொடுத்தால், அந்தப் பெண் 'மிகவும் திருப்தி' என்றோ 'நடுநிலை' என்றோ டிக் அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அதை எஸ்.பி.எஸ்.எஸ்.-இல் போட்டால் அழகான அட்டவணை வரும். மென்பொருளுக்குச் சூப்பர்வைசர் நின்றது தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் கேளுங்கள், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

எண்ணிக்கை கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1936-இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு லாண்டன் வெல்வார் என்றது, ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களையே அவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு 'வாடிக்கையாளர் கருத்து' என்று எழுதுவதும் இதே கதைதான்.

இரவோடு இரவாக ஹாஸ்டலில் உட்கார்ந்து, ஐந்து பேனாக்களை மாற்றி மாற்றி நூறு படிவங்களைத் தாங்களே நிரப்புபவர்களும் உண்டு. யாரென்று கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று: தலைப்பை முடிவு செய்யும் முன் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலுள்ள கேள்வித்தாள்களை அப்படியே எடுக்காதீர்கள். அவர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று பாருங்கள். உங்கள் கேள்விகளை முதலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் தயங்குகிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கடன் நிதிக்கான கணக்கெடுப்பை இன்ஷா அல்லாஹ் இந்த ஆண்டு மீண்டும் எடுக்கிறோம். அதற்குப் பத்து மாணவிகள் வேண்டும். பஸ் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கேள்வித்தாளை நீங்களே எழுதலாம், விரும்பினால் உங்கள் ப்ராஜெக்ட்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். தெருவுக்கு நீங்கள் போகும்போது நிர்வாகிகள் யாரும் உடன் வரமாட்டோம்.