சீட்டுக்கு விடை

(கருவடிக்குப்பம் படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

சொற்பொழிவாற்ற வந்தவனல்லன் நான் இன்று. கடன் தீர்க்க வந்தவன். பணக் கடன் அல்ல, பதில் கடன்!

சென்ற ஆண்டு இதே திடலில் எங்கள் நாடகம் நடந்தது. அதில் ஒரு காட்சி. பேறுகால வேதனையால் துடிக்கிறாள் சேரிப் பெண் ஒருத்தி. குறுக்கு வழி அக்கிரகாரத்தின் ஊடே செல்கிறது. வழியை மறிக்கிறார்கள், தீட்டு என்கிறார்கள். அவ்வேளை வருகிறது கலெக்டர் ஆஷ் துரையின் வண்டி. தடுத்தவர்களை விலக்கி, அந்தத் தாயை வண்டியில் ஏற்றி, அக்கிரகாரத் தெருவிலேயே ஓட்டச் செய்கிறார். அந்த வஞ்சம்தான் மணியாச்சியில் துப்பாக்கியாக வெடித்தது என்ற வசனத்தோடு திரை விழுகிறது. கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அதன்பின் நான் பேச எழுந்தேன். மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "ஆஷ் வண்டியில் ஏற்றிச் சென்றதற்குச் சான்று என்ன? எந்த ஆவணத்தில் இருக்கிறது?" என்று இரண்டே வரி. பெயர் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டைப் படித்துக் காட்டி, "சான்று கேட்பவர் அந்த அக்கிரகாரத்தில் குடியிருந்தவர் போலும்!" என்றேன். திடலே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றியபோது பையில் அந்தச் சீட்டு இருந்தது. சிரிப்பு திடலோடு போயிற்று. கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கு எழுத்தறிவித்தது பள்ளி என்றால், உலகறிவித்தது இதுபோன்ற படிப்பகங்கள். அந்தப் படிப்பகத்தில் அமர்ந்து ஒருவர் கேட்ட கேள்வியை நையாண்டியால் அடித்தேன் என்றால், என் ஆசானையே நான் அவமதித்தேன் என்றுதான் பொருள். ஆகவேதான் இன்று விடை சொல்ல வந்தேன்.

தோழர்களே! இந்தப் படிப்பகத்தின் அலமாரியைப் பாருங்கள். பொருளாதார நூல் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. பழைய கொலை வழக்குகளைச் சொல்லும் நூலோ அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து கிடக்கிறது. அதைக் கண்டு முகம் சுளிப்பவன் அல்லன் நான். மக்கள் ஏன் அதைப் படிக்கிறார்கள்? ஒரு கொலை நடந்தால் ஓர் இல்லத்தின் கதவு திறக்கிறது. பணம், சாதி, காவல்துறை, வழக்கு மன்றம் அனைத்தும் ஒரே விளக்கொளியில் தெரிகின்றன. 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கு வந்தது. போட் மெயில் வண்டியில் ஒரு பெட்டிக்குள் உடல். இராயபுரம் கடற்கரையில் தலை. நாடே அதைப் பேசிற்று. பேசியதில் தவறில்லை. எதைப் பேசினோம், எதை நம்பினோம் என்பதில்தான் தவறும் சரியும் இருக்கின்றன.

இலட்சுமிகாந்தன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'இந்துநேசன்' என்ற ஏட்டில் நடிகர் நடிகையரின் படுக்கையறையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர். பகலில் பழித்தார்கள் அந்த ஏட்டை; இரவில் படித்தார்கள். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் மாண்டார். தியாகராச பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகள் குற்றவாளிகள் என்றனர். ஆயுள் தண்டனை விழுந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர். இரண்டாண்டுக்கு மேல் சிறை! 'ஹரிதாஸ்' படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகன் அந்நாள்களின் பெரும்பகுதியைக் கம்பிகளுக்குள் கழித்தார். வெளியே வந்த பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவேயில்லை.

அந்த இரண்டாண்டுகளில் தெருத்தெருவாக எத்தனை 'தீர்ப்புகள்' வழங்கப்பட்டிருக்கும்! "அவர்தான் செய்தார்" என்று சொன்னவர்களுள் எவர் கண்ணால் கண்டவர்? கலைவாணர் நம் இயக்கத்தின் அன்பர். அவருக்காக நாம் அன்று கேட்டது என்ன? சான்று எங்கே என்றுதானே! நம் அன்பருக்காகக் கேட்ட கேள்வியை, நமக்குப் பிடித்த கதையிடம் கேட்க மறுத்தால், அது நீதியாகுமா?

வரலாற்று நூலையும் குற்ற வரலாற்று நூலையும் நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். பூட்டிய அறைக்குள் இருவர். ஒருவர் மாண்டுபோனார், மற்றவர் வாய் திறக்கவில்லை. ஆனால் நூலாசிரியர் அவ்விருவர் பேசியதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்! அங்கே நான் நூலை மூடிவிட்டுக் கேட்பேன்: "ஐயா, இதை யார் கேட்டது?" வசனம் எழுதுவது என் தொழில். நாடகத்தில் அது நல்ல நாணயம். வரலாறு என்று முத்திரையிட்டு வெளியிட்டால் அதுவே கள்ள நாணயம். அமெரிக்காவில் ட்ரூமன் கபோட்டி, 1959இல் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு குடும்பத்தினர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியை வைத்து ஒரு நூல் எழுதினார். 1966இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. ஒவ்வொரு சொல்லும் மெய் என்றார். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நிகழும் அதன் இறுதிக் காட்சி அவர் கற்பனை என்று பின்னர் தெரிந்தது. அழகான காட்சிதான். அழகு சான்றாகிவிடாதே!

"அப்படியானால் ஆவணத்தில் உள்ளதை மட்டும் நம்பினால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. அதற்கு அயலூர் செல்ல வேண்டாம், நம் புதுச்சேரியே பாடம். 1716ஆம் ஆண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்பப் பிள்ளை, நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நெருங்கிய உறவினர். ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கொடுமை செய்தார், கலகம் மூட்டினார் என்பது குற்றச்சாட்டு. சாட்சிகள் தமிழில் பேசினார்கள். ஏட்டில் பிரெஞ்சில் ஏறிற்று. தாங்கள் கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்றே சாட்சிகள் அறியவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. கடைத்தெருவில் கசையடி, சிறை, பெருந்தண்டம். 1717இல் சிறையிலேயே மாண்டார் நைனியப்பர். அவர் மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சு சென்றார், முறையிட்டார். நைனியப்பர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள், அவர் மாண்ட பின்பு! தானா அக்மோன் என்ற வரலாற்றாசிரியர் 2017இல் இதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அரசு எழுதியது என்பதால் ஆவணம் மெய்யாகிவிடாது. எழுதியவன் யார், எந்த மொழியில், எவருக்காக என்று ஆவணத்தையும் கூண்டிலேற்றிக் கேட்க வேண்டும்.

இனி, என் சீட்டுக்கு வருகிறேன்.

1911 சூன் 17. மணியாச்சி சந்திப்பு. முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், உடன் அவர் மனைவி. வாஞ்சிநாதன் சுட்டார், ஆஷ் மாண்டார். நடைமேடைக் கழிப்பறைக்குள் புகுந்த வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 25. வாஞ்சி இந்தப் புதுச்சேரிக்கு வந்து, வ. வே. சு. அய்யரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்றும், பழகிய இடம் நம் கருவடிக்குப்பமே என்றும் வரலாறு எழுதுவோர் எழுதிவருகின்றனர். அந்நாளில் இது பிரெஞ்சு மண்; வெள்ளைக்காரனின் கை இங்கே எட்டாது.

ஆஷ் மீது சினம் ஏன்? அதற்குக் காரணம் ஏட்டில் இருக்கிறது. 1908இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து, வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் சுதேசி இயக்கத்தையும் ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்குண்டு. அவ்வாண்டு மார்ச்சில் சிதம்பரனார் கைதானபோது திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதமோ வேறொரு காரணத்தையும் சொல்கிறது: மிலேச்சர்கள் நாட்டைப் பிடித்து, சனாதன தருமத்தை அழிக்கிறார்களாம்!

அந்த வண்டி? அந்தத் தாய்? ஓராண்டு தேடினேன், தோழர்களே! ஆஷைப் பற்றிப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'ஆஷ் அடிச்சுவட்டில்' முதலாகக் கையில் கிட்டியதையெல்லாம் படித்தேன். கதை கிடைத்தது, ஒன்றல்ல, ஒன்பது வடிவில் கிடைத்தது. ஒன்றில் வண்டி ஆஷுடையது. மற்றொன்றில் அவர் மனைவியுடையது. ஒவ்வொரு நாவிலும் ஓர் அணிகலன் கூடுகிறது. 1911ஆம் ஆண்டுச் சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியை நான் உண்மை என்று மேடையேற்றியது தவறு. சீட்டு எழுதிய தோழரே, நீர் எங்கிருந்தாலும் கேளும்: நீர் கேட்டது சரி, நான் சிரித்தது பிழை!

மற்றொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்கடிதத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜை 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று குறித்திருக்கிறார் வாஞ்சி. "பார், மன்னனை இழிவுபடுத்தக்கூடச் சாதிப் பெயரைத்தான் தேடினார்!" என்று நான் எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். 'பஞ்சம' என்றால் ஐந்தாவது என்றும் பொருள். ஐந்தாம் ஜார்ஜ் என்பதன் நேர்ப் பெயராகவும் அது இருக்கலாம். சொல்லுக்கு இரு பொருள் உண்டென்று சொல்லிவிட்டுத்தான் நான் வாதாடியிருக்க வேண்டும். மறைத்தேன்.

"எதிரிகள் மட்டும் நேர்மையாளர்களா?" என்று ஒரு தோழர் அங்கே முணுமுணுப்பது கேட்கிறது. இல்லை! வாஞ்சியின் புகழ் பாடும் நூல்கள் பல, கடிதத்தின் சனாதனப் பகுதியை நயமாக விழுங்கிவிடுகின்றன. அவர்கள் வெட்டினார்கள், நாம் ஒட்டினோம். வெட்டியவனை நோக்கி விரல் நீட்ட, ஒட்டியவனுக்கு என்ன உரிமை?

நமக்கு ஒட்டுவேலை எதற்கு? மெய்யே மலைபோல் இருக்கும்போது பொய்யைக் கூலிக்குப் பிடிப்பானேன்? அந்தக் கடிதம் இருக்கிறது. மிலேச்சன் என்ற சொல் இருக்கிறது. மாட்டிறைச்சி தின்பவன் என்ற இழிப்பும் இருக்கிறது. அன்னியன் ஆண்டான் என்பதற்காகவா, ஆசாரம் கெட்டது என்பதற்காகவா என்ற கேள்வியை அக்கடிதமே எழுப்புகிறது. வாஞ்சிக்குத் துப்பாக்கி பழக்கினார் என்று சொல்லப்படும் அதே வ. வே. சு. அய்யர் வீரர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த புலவர். அதை நான் மறைக்கமாட்டேன். அவரே நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. 1924, 1925ஆம் ஆண்டுகளில் நாடே அறிய நடந்த போராட்டம் அது. வரதராசலு நாயுடு எதிர்த்தார், தந்தை பெரியார் எதிர்த்தார். அதற்குச் சான்று உண்டு, ஆண்டு உண்டு, ஆள் உண்டு. நாட்டு விடுதலை கேட்டவர்கள் வீட்டுப் பந்தியில் விடுதலை தர மறுத்தார்கள் என்று சொல்ல அந்த ஒரு பந்தி போதாதா? கற்பனை வண்டி எதற்கு?

பொய்க்கதையின் தீங்கு இதுதான், தோழர்களே! மாற்றார் ஒருநாள் எழுந்து வண்டிக் கதையை உடைப்பார். உடைத்துவிட்டு, "பார்த்தீர்களா, பந்திக் கதையும் இப்படித்தான்!" என்பார். நூறு உண்மைகளுக்கு நடுவே நாம் நட்ட ஒரு பொய், நூறையும் சந்தேகக் கூண்டில் ஏற்றிவிடும். அக்கிரகாரத்து வாயிலில் வழி மறிக்கப்பட்ட தாய்மார்கள் இந்நாட்டில் மெய்யாகவே எத்தனை பேர்! பெயரின்றி மறைந்த அந்தத் தாய்மார்களுக்கு, பொய்க் காட்சி ஒன்றைப் படையலிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடலாமா? அவர்களைப் பற்றிய மெய்யான சான்றைத் தேடுவதல்லவா நம் வேலை?

ஆகவே, படிப்பகத் தோழர்களுக்கு என் வேண்டுகோள். கொலை வழக்கு நூல்களை அலமாரியிலிருந்து அகற்றாதீர்கள். படியுங்கள், பக்கத்தில் பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். "இதை யார் கண்டது, யார் எழுதியது, எப்போது எழுதியது?" என்று ஓரத்தில் குறியுங்கள். எதிரியின் நூலில் ஒருமுறை கேளுங்கள். நமக்கு இனிக்கும் நூலில் இருமுறை கேளுங்கள். இனிப்பைத்தானே ஈ மொய்க்கும்!

அந்தக் காட்சியை நாடகத்திலிருந்து நீக்கிவிட்டேன். கைதட்டல் குறையும் என்று நடிக நண்பர்கள் வருந்தினார்கள். குறையட்டும். அவ்விடத்தில் சேரன்மாதேவிப் பந்தியைக் காட்சியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிலும் வசனம் என் கற்பனையே. அதைத் திரை எழுமுன் சபைக்குச் சொல்லிவிடுவேன். அடுத்த ஆண்டு இதே திடலில் அது நடக்கும். சீட்டு எழுதிய தோழர் முன் வரிசையில் வந்து அமர வேண்டும், கையில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு. இம்முறை சீட்டு வந்தால், சபையைச் சிரிக்க வைக்கமாட்டேன், விடை சொல்வேன்.